மைக்குக்கு முன்னால் வாத்தியத்தைக் கேளுங்கள்

வீட்டு அறையில் வாத்தியம் பதிவு செய்யும் இளைய கலைஞர்களுக்கு,

வீணையோ வயலினோ புல்லாங்குழலோ மிருதங்கமோ வாசிக்கும் உங்களில் பலர் இன்று மேடையேறும் முன்பே ஒலிப்பதிவாகத்தான் ஊருக்கு அறிமுகமாகிறீர்கள். சபாவுக்கு அனுப்பும் மாதிரி, போட்டிக்கான வர்ணம், வெளிநாட்டு மாணவருக்குப் பாடம், யூடியூபில் ஏற்றும் தனி ஆவர்த்தனம் எல்லாமே பத்துக்குப் பத்து அறையில் பிறக்கின்றன. செல்போனில் தொடங்கியவர்கள் சீக்கிரமே ஒரு கேள்வியோடு வந்து நிற்கிறார்கள்: "சின்ன கண்டென்சர் மைக் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன், எது நல்லது?"

நியாயமான கேள்வி. ஆனால் ஒரு மாடல் எண்ணைச் சொல்லிவிட்டு நகர எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஒரு வயலினுக்கு அருமையாகப் பொருந்திய மைக், அடுத்த தெரு வயலினில் வில்லின் கீறலை மட்டும் தூக்கிக் கொடுக்கும். ஆகவே எதை வாங்குவது என்ற பேச்சை ஒதுக்கிவைத்து, கைக்கு வந்த மைக்கை எப்படிச் சோதிப்பது, எந்தக் காரணத்துக்காக ஏற்பது, எந்தக் காரணத்துக்காகத் திருப்பிக் கொடுப்பது என்று எழுதுகிறேன். என் கட்சி ஒன்றுதான்: அழகாகக் கேட்கிற மைக்கைத் தேடாதீர்கள். உங்கள் வாத்தியத்தின் நாதத்தில் குறைவாகக் கை வைக்கிற மைக்கைத் தேடுங்கள்.

இதில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று கேட்பீர்கள். வீணையைப் பாருங்கள். மேடையில் மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் பக்கத்தில் வீணை எடுபட வேண்டும் என்பதற்காகக் கான்டாக்ட் மைக் வந்தது. அது மரத்தின் அதிர்வைத் தொட்டு எடுக்கும். காற்றில் கலந்து வரும் ஒலியை எடுக்காது. மேடையின் கட்டாயம் அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த ஒலியையே கேட்டுப் பழகிய ரசிகருக்கு, கூடத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் வாசித்த வீணையைக் கேட்டால் "சத்தம் மெலிந்திருக்கிறதே" என்று தோன்றுகிறது. எந்தக் கருவி வழியாகக் கேட்கிறோமோ அதுவே நாளடைவில் நாதத்தின் இலக்கணமாகிவிடுகிறது. உங்கள் வீட்டு அறையில் ஃபீட்பேக் பயம் இல்லை, போட்டிக்குப் பக்கவாத்தியம் இல்லை. பலாமரக் குடத்திலிருந்து கிளம்பும் ஒலியை உள்ளபடி பிடிக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. அதைத் தவறான மைக்கிடம் ஒப்படைத்துவிடக் கூடாது.

முதலில் இந்தச் சின்ன மைக் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வோம். அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஈ. சி. வென்டே என்பவர் 1916-இல் கண்டென்சர் மைக்கை உருவாக்கினார். அதுவரை இசைத்தட்டுப் பதிவு என்றால் ஒரு பெரிய கூம்புக்கு முன்னால் முழு மூச்சோடு பாட வேண்டும், வாசிக்க வேண்டும். 1925-இல் மின்சாரப் பதிவு வந்து கூம்பை ஓரங்கட்டியபோது அந்த முறையில் பயன்பட்டது வென்டேயின் கண்டென்சர் மைக்தான். மெல்லிய சவ்வு ஒன்று, அதன் பின்னால் மயிரிழை இடைவெளியில் ஓர் உலோகத் தட்டு. ஒலி பட்டுச் சவ்வு அசையும்போது இரண்டுக்கும் இடையிலான மின்தேக்குத் திறன் மாறுகிறது. அந்த மாற்றமே மின்சைகையாக வெளிவருகிறது. டைனமிக் மைக்கில் சவ்வோடு ஒரு கம்பிச்சுருளும் சேர்ந்து அசைய வேண்டும். இங்கே சவ்வின் எடை மட்டும்தான். அதனால்தான் வீணையில் நகம் தந்தியை விட்டு விலகும் கணமும், வலந்தலையில் விரல் விழும் முனையும் மழுங்காமல் பதிவாகின்றன.

உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸில் '48 வோல்ட்' என்றொரு பொத்தான் இருக்கும். அதற்கும் ஒரு கதை உண்டு. 1966-இல் ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் கே.எம். 84 என்ற சிறு மைக்கை நார்வே நாட்டு வானொலிக்காகத் தயாரித்தபோது, அந்த நிலையத்தில் அவசர விளக்குகளுக்காக ஏற்கெனவே 48 வோல்ட் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதையே மைக்குக்கும் கொடுத்துவிடலாம் என்று முடிவானது. கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் இந்த மின்சாரத்துக்குப் பேண்டம் பவர் என்று பெயர். அதன் அளவு இன்றுவரை அதுதான்.

சின்னது, பெரியது என்ற பேச்சுக்கு வருவோம். பெரிய கண்டென்சரின் சவ்வு ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் விட்டம் உள்ளது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 சென்டிமீட்டர். சவ்வின் அகலம் அலைநீளத்தை நெருங்கும்போது, நேராக வரும் ஒலியை ஒருவிதமாகவும் பக்கவாட்டில் வரும் ஒலியை வேறுவிதமாகவும் மைக் கேட்கத் தொடங்கும். சின்ன சவ்வுக்கு இந்தத் தொல்லை குறைவு. வாத்தியம் பாடகரைப் போல ஒரே வாயிலிருந்து ஒலிப்பதில்லை. வீணையில் குடம், குதிரை, தண்டி, சுரைக்காய் எல்லாம் ஒலிக்கின்றன; மிருதங்கத்துக்கு இரண்டு முகம். பல திசையிலிருந்து வருவதை ஒரே நிறத்தில் கேட்கும் மைக்கே வாத்தியத்துக்கு ஏற்றது. அதனால்தான் வாத்தியம் என்றதும் ஒலிப்பதிவாளரின் கை சின்ன கண்டென்சரை நோக்கிப் போகிறது. பதிலுக்கு அது கொஞ்சம் கூடுதலான சுய இரைச்சலை, அதாவது மைக்கிலிருந்தே எழும் சத்தத்தை, நம் தலையில் கட்டும்.

இப்போது விவரத்தாளைப் பிரிப்போம். நீங்கள் பார்க்க வேண்டிய எண்கள் இரண்டுதான். ஒன்று, சுய இரைச்சல். நாய்மன் கே.எம். 184-க்கு 13 டெசிபல் என்று போட்டிருக்கும். அதைவிட மிகவும் மலிவான ரோட் என்.டி. 5-க்கு 16. இந்த மூன்று டெசிபலுக்காகக் கடன் வாங்கத் தேவையில்லை. மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, ஃப்ரிட்ஜை அணைத்த பிறகும் நம் ஊர் வீட்டு அறை 30 டெசிபலுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். மைக்கின் இரைச்சல் அதற்குள் மூழ்கிவிடும். அதே சமயம் 20-ஐத் தாண்டினால் யோசியுங்கள். மிருதங்கக்காரருக்குத் தெரியாது, ஆனால் வீணையில் ஒரே மீட்டில் இழுத்த கமகம் தேய்ந்து மறையும் இடத்தில் 'ஸ்ஸ்' என்ற சத்தம் முன்னே வந்து நிற்கும்.

இன்னொன்று, மைக் தாங்கும் உச்ச ஒலி. கே.எம். 184-க்கு 138 டெசிபல், என்.டி. 5-க்கு 143. இந்த அளவுக்கு எந்த வீட்டு வாத்தியமும் போகாது. பதிவில் சாப்பு உடைந்து கேட்டால் மைக்கைத் திட்டும் முன் இன்டர்ஃபேஸின் கெயினைப் பாருங்கள். பெரும்பாலும் உடைந்தது அங்கேதான்.

விவரத்தாளில் ஓர் அலைகோடும் இருக்கும், எந்த அதிர்வெண்ணை மைக் எவ்வளவு தூக்கும், எவ்வளவு தாழ்த்தும் என்று. அது எதிரொலியற்ற அறையில், மைக்குக்கு நேர் எதிரே ஒலியை வைத்து அளந்து, பிறகு மேடுபள்ளங்களைத் தடவிச் சமன் செய்து வரைந்தது. உங்கள் அறை எதிரொலியற்றதல்ல. உங்கள் வாத்தியம் நேர் எதிரே மட்டும் ஒலிப்பதுமில்லை. கோட்டில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 8,000 முதல் 12,000 ஹெர்ட்ஸ் வரை அது மலைபோல் எழுகிறதா? மலிவு மைக்குகளில் பலவற்றுக்கு அங்கே ஓர் ஏற்றம் இருக்கும். விலை உயர்ந்தவற்றிலும் சிறிது இருக்கும்.

இந்த ஏற்றம்தான் வாங்குபவரை ஏமாற்றும் முதல் கண்ணி. முதல் அரை நிமிஷம் கேட்கும்போது "ஆகா, என்ன தெளிவு" என்று தோன்றும். அரை மணி நேர ராகம் தானம் பல்லவியைக் கேட்டுப் பாருங்கள், காது களைத்துவிடும். வீணையில் நகச் சத்தமும் மெட்டில் விரல் வழுக்கும் சத்தமும் தூக்கலாகும். வயலினில் ரோசனம் தேய்வது கேட்கும். புல்லாங்குழலில் சுரத்தைவிடக் காற்று அதிகமாக இருக்கும். மிருதங்கத்துக்கு நேரும் கேடு இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. வலந்தலையின் கரணையால்தான் அந்தத் தோலின் மேற்சுரங்கள் சுருதியோடு ஒத்திசைந்து நிற்கின்றன என்று 1920-லேயே சி. வி. ராமன் தம் சகாவோடு 'நேச்சர்' இதழில் எழுதினார். உலகத்துத் தோல்வாத்தியங்களில் பெரும்பாலானவற்றுக்கு இல்லாத சுருதி நம் மிருதங்கத்துக்கு வாய்த்தது அப்படித்தான். அந்தச் சுருதியை அமுக்கிவிட்டு விரல் படும் 'டிக்' சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கிற மைக்கில் மிருதங்கம் வெறும் தட்டாகிவிடும்.

சோதனைக்கு முன்னால் அறையைச் சரிசெய்யுங்கள். நாம் தரையில் உட்கார்ந்து வாசிக்கிறவர்கள். மேலைநாட்டுக் கையேடுகள் நாற்காலியில் உட்கார்ந்தவருக்காக எழுதப்பட்டவை. தரையின் குறும்பு அவற்றில் இவ்வளவு பெரிதாக வராது. ஒரு கணக்குப் போடுவோம். வாத்தியமும் மைக்கும் தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில், ஒன்றுக்கொன்று 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கின்றன. நேரே வரும் ஒலி 60 சென்டிமீட்டர் பயணம் செய்கிறது. தரையில் பட்டு எழும் ஒலி 100 சென்டிமீட்டர் சுற்றி வருகிறது. இந்த 40 சென்டிமீட்டர் வித்தியாசத்தால் சுமார் 430 ஹெர்ட்ஸ் அருகே இரண்டும் ஒன்றையொன்று அரித்துக்கொள்ளும். அடுத்த பள்ளம் 1,290 ஹெர்ட்ஸ் அருகே விழும். வீணையும் வயலினும் உயிரோடு உலவுகிற பகுதி இது. மொசைக் தரையில் பதிவு செய்துவிட்டு "மைக் கூடு விழுந்ததுபோல் கேட்கிறது" என்று தீர்ப்பு எழுதினால், தண்டனை அனுபவிப்பது மைக், குற்றவாளி தரை. கோரைப்பாயும் ஜமுக்காளமும் உச்ச ஒலிகளைத்தான் குடிக்கும், இந்தப் பள்ளத்தை நிரப்பாது. வாத்தியத்துக்கும் மைக்குக்கும் நடுவே ஒரு பஞ்சு மெத்தையை விரித்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே கேட்கும்.

சுவரும் சும்மா இருக்காது. பத்தடி அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 57 ஹெர்ட்ஸ், 114 ஹெர்ட்ஸ் என்ற இடங்களில் ஒலி தேங்கி நிற்கும். தொப்பியின் 'தொம்' உலவும் வட்டாரம் இது. அறையில் ஓரிடத்தில் தொப்பி இடிபோல் விழும், இரண்டடி தள்ளினால் காணாமல் போகும். மூலையையும் அறையின் நட்டநடுவையும் தவிருங்கள். துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைப்பதற்குச் செலவு கிடையாது.

இனி சோதனை. மைக்கை வாங்குவதற்கு முன் நண்பரிடம் இரவல் கேளுங்கள், அல்லது நாள் வாடகைக்கு எடுங்கள். கடைக் கூட்டத்துக்கு நடுவே ஹெட்போனை மாட்டிக்கொண்டு எந்த மைக்கையும் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒப்பிட இன்னொரு மைக் அவசியம் வேண்டும். அது பழைய டைனமிக் மைக்காக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் கண்டென்சரைவிட அதன் சைகை ஏறத்தாழ பத்து மடங்கு மெலிந்தது, அதற்கேற்பக் கெயினை ஏற்ற வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

மைக்கைத் தொடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்கள் வாத்தியத்தை வேறொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள், சக மாணவரோ குருவோ யாராக இருந்தாலும் சரி. நீங்கள் எழுந்து, மைக் இருக்கப்போகும் இடத்தில் தலையை வைத்து, ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேளுங்கள். வாசிப்பவருக்குக் கேட்கும் நாதம் வேறு, எதிரே இருப்பவருக்குக் கேட்பது வேறு. வீணைக் கலைஞர் குடத்தின் மேல் குனிந்து வாழ்நாள் முழுவதும் கேட்ட ஒலியை மைக்கிடம் எதிர்பார்த்தால் எந்த மைக்கும் அவருக்குப் பிடிக்காது. ஒரு காதால் கேட்கும்போது அறையின் எதிரொலி எவ்வளவு என்பதும் பிடிபடும். மைக்குக்கும் ஒரு காதுதானே. எங்கே நாதம் முழுமையாகச் சேர்ந்து வருகிறதோ அங்கே ஸ்டாண்டை வையுங்கள். வாத்தியத்தின் நீளம் எவ்வளவோ அந்தத் தூரத்திலிருந்து தொடங்கலாம் என்பது ஒலிப்பதிவாளர்களின் கைக்கணக்கு. மிருதங்கத்துக்கு அது ஏறத்தாழ இரண்டடி.

இரண்டு மைக்குகளின் முகங்களும் ஒரு விரல் இடைவெளியில் இருக்கும்படி அடுத்தடுத்து வையுங்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்யுங்கள். முதலில் இதில் வாசித்துவிட்டு அப்புறம் அதில் வாசிப்பது ஒப்பீடே ஆகாது, ஒரே பிருகாவை ஒருவர் இரண்டு முறை ஒன்றுபோல் வாசிப்பதில்லை. உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை வைத்து, 24 பிட்டில் பதிவு செய்தால் போதும். பிறகு இரண்டின் சத்தத்தையும் சமன் செய்யுங்கள். இதை ஒருநாளும் தவிர்க்காதீர்கள். ஒரு டெசிபல் கூடுதலாக இருக்கும் பதிவை நம் காது "சத்தம் கூட" என்று சொல்லாது, "நல்லா இருக்கு" என்று சொல்லும். சுருதிப்பெட்டியை ஒரே இடத்தில் ஒலிக்கவிட்டு, அதை இரண்டு பதிவுகளிலும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால் இந்த ஏமாற்று நின்றுபோகும்.

என்ன வாசிப்பது? உங்கள் மேதாவிலாசத்தைக் காட்டும் துக்கடா வேண்டாம். மைக்கைத் திணறடிக்கிற விஷயங்களை வாசியுங்கள். கீழ்ஸ்தாயியில் நீண்ட கார்வை, மேல்ஸ்தாயியில் வேகமான பிருகா, மிக மெதுவாக ஒரு ஜாரு, ஓங்கிய ஒரு மீட்டு, கடைசியில் ஒலி முழுதும் அடங்கும்வரை அசையாமல் மௌனம். அந்த மௌனத்தில் மைக்கின் இரைச்சலும் லேப்டாப் சார்ஜரின் 50 ஹெர்ட்ஸ் முணுமுணுப்பும் பிடிபடும். சார்ஜரைக் கழற்றியதும் முணுமுணுப்பு நின்றால் மைக் நிரபராதி.

அடுத்து, மைக்கைத் தொண்ணூறு பாகை திருப்புங்கள். பக்கவாட்டில் வாசித்ததைப் பதிவு செய்து, சத்தத்தைப் பழைய அளவுக்கு உயர்த்திக் கேளுங்கள். அதே வீணை கொஞ்சம் தள்ளி இருப்பதுபோல் கேட்டால் நல்ல மைக். கம்பளிக்குள் போர்த்திய வேறொரு வீணைபோல் கேட்டால், அந்த மைக்கின் நேர்முகம் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் யோசியுங்கள். அறையின் எதிரொலியும் பக்கத்தில் இருக்கும் மிருதங்கமும் அந்தப் பக்கவாட்டு வழியாகத்தான் உங்கள் பதிவுக்குள் நுழையப்போகின்றன. விளம்பர வீடியோக்கள் காட்டாத சோதனை இது. விலை வித்தியாசத்துக்கு நியாயம் இருக்கிறதா என்பதும் பெரும்பாலும் இங்கேதான் தெரியும்.

பிறகு தூரத்தை மாற்றுங்கள். ஒரு சாண், ஒரு முழம், ஒரு மீட்டர். முன்பக்கத்து ஒலியையே அதிகம் எடுக்கும் கார்டியாய்டு மைக் வாத்தியத்தை நெருங்க நெருங்கக் கீழ்ச்சுரங்கள் ஊதிப்போகும். அது அந்த வகை மைக்கின் பிறவிக் குணம், குறையில்லை. ஆனால் எந்தத் தூரத்தில் ஊதத் தொடங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எல்லாத் திசையிலிருந்தும் கேட்கும் ஆம்னி வகைக்கு இந்தக் குணம் இல்லை. நல்ல கூடம் கிடைத்தால் அதன் இயல்பான கீழொலிக்கு ஈடு கிடையாது. பத்தடி அறையில் அது நான்கு சுவரையும் சேர்த்துக் கொண்டுவரும் என்பதால் வீட்டுக்கு நான் கார்டியாய்டையே சொல்வேன்.

ஜோடியாக வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் செய்யுங்கள். இரண்டு மைக்கையும் ஒட்டிவைத்துப் பதிவு செய்து, ஒன்றின் துருவத்தைத் தலைகீழாக்கி இரண்டையும் கூட்டுங்கள். உண்மையான ஜோடியாக இருந்தால் ஒலி ஏறக்குறைய மறைந்துவிடும். மிச்சம் நிறைய கேட்டால், 'மேட்ச்டு பேர்' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது வெறும் அச்சு.

எல்லாம் முடிந்ததும் உடனே தீர்ப்பு எழுதாதீர்கள். கோப்புகளுக்கு 'அ', 'ஆ' என்று மட்டும் பெயர் வைத்து, எது எந்த மைக் என்பதை நண்பரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் கேளுங்கள். விலையைக் கண்ணால் பார்த்த பிறகு காது நடுநிலையோடு இருக்காது. ஹெட்போனில் ஒரு முறை, ஒலிபெருக்கியில் ஒரு முறை, கடைசியாகச் செல்போனில் ஒரு முறை கேளுங்கள். உங்கள் ரசிகர்களில் பெரும்பாலோர் அதில்தான் கேட்கப்போகிறார்கள்.

வாத்தியவாரியாகச் சில வார்த்தைகள். வயலின்காரர்களே, நாம் வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கிறோம். நின்று வாசிக்கும் மேலைநாட்டு வயலினுக்குத் தலைக்கு மேல் மைக் தொங்கவிடும் ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டால், மேற்பலகையின் முகத்தை விட்டுவிட்டு உங்கள் தோளைத்தான் மைக் கேட்கும். எதிரே, நெஞ்சு உயரத்துக்குச் சற்று மேலே, பலகையைப் பார்த்தபடி தொடங்குங்கள். புல்லாங்குழலில் ஒலி கிளம்புவது வாய்த்துளையிலிருந்தும் திறந்திருக்கும் விரல்துளைகளிலிருந்தும்தான். குழலின் கடைசி முனையில் மைக் வைத்துப் பயனில்லை. காற்று பாயும் நேர்கோட்டிலிருந்து விலகி, நெற்றி உயரத்திலிருந்து விரல்களை நோக்கிச் சாய்த்து வையுங்கள். மிருதங்கத்துக்கு ஒரே மைக்தான் என்றால் நடுவில், சற்றே வலந்தலைப் பக்கம் சாய்த்து வையுங்கள். சாப்பும் மீட்டும் தெளிவாக இருந்து, தொப்பியின் கும்கி வழுக்கிக்கொண்டு ஏறுவதும் கேட்டால் அதுதான் இடம். கடத்தின் வாய் வயிற்றை நோக்கி இருப்பதால் அதன் அடிநாதம் உங்கள் உடம்போடு சேர்ந்துதான் வெளிவருகிறது. மைக்கைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்தால் அதுவும் வரும். நாகஸ்வரக்காரர்களுக்கு என் யோசனை, அறையை விட்டு வெளியே வாருங்கள் என்பதுதான். கோயில் மண்டபத்துக்கும் வீதிக்கும் பிறந்த ஒலியைப் படுக்கையறையில் அடைத்து எந்த மைக்கையும் மதிப்பிட முடியாது. மொட்டை மாடியில், ஆள் உயரத் தூரத்தில், காற்று வீசாத விடியற்காலையில் சோதியுங்கள்.

விலை கொடுத்து வாங்கிய பிறகு காப்பாற்ற வேண்டியது ஈரத்திலிருந்து. மயிரிழை இடைவெளியில் நிற்கும் சவ்வுக்கும் தட்டுக்கும் நடுவே ஈரம் புகுந்தால் மைக் பொரியும், படபடக்கும். கடற்கரை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் இது சகஜம். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். குளிர்சாதன அறையிலிருந்து வெளியே எடுத்த உடனே பயன்படுத்தாமல் சற்றுப் பொறுங்கள். சவ்வை ஊதித் துடைக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். கேபிளைச் செருகிய பிறகே 48 வோல்ட்டைப் போடுங்கள். அதை அணைத்த பிறகே கேபிளைக் கழற்றுங்கள்.

முடிவாக என் தீர்ப்பைக் கேட்டால் இதுதான். 20 டெசிபலுக்குள் சுய இரைச்சல், மேலே பெரிய மலை இல்லாத அலைகோடு, பக்கவாட்டிலும் நிறம் மாறாத காது: இந்த மூன்றும் இருக்கும் சின்ன கார்டியாய்டு மைக் எதுவானாலும் உங்கள் வீட்டு வேலைக்குப் போதும். இன்று நடுத்தர விலையிலேயே அப்படிப்பட்டவை கிடைக்கின்றன. அதற்கு மேல் பணம் இருந்தால், அடுத்த மைக்குக்கு முன்னால் ஒரு நல்ல ஸ்டாண்டு, இரண்டு மெத்தை, கனமான திரை வாங்குங்கள். அதற்கும் மேல் இருந்தால் வாத்தியத்தைத் தச்சரிடம் கொடுத்து மெட்டுக் கட்டிக்கொள்ளுங்கள், மிருதங்கத்துக்கு மூட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். மெழுகு இளகிய வீணையின் அபசுரத்தை எந்த மைக்கும் திருத்தாது, நல்ல மைக் அதைத் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நீங்கள் சோதித்த மைக்கைப் பற்றி நண்பர்களிடம் சொல்லும்போது "சூப்பர்", "சுமார்" என்று நிறுத்திவிடாதீர்கள். என்ன வாத்தியம், என்ன சுருதி, எவ்வளவு தூரம், எப்படிப்பட்ட அறை, எதோடு ஒப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள். இ.க்யூ. போடாத, எதிரொலி சேர்க்காத பதிவையும் கூடவே கொடுங்கள். கிடார், பியானோ வைத்துச் சோதித்த பதிவுகள் உலகம் முழுக்கக் கொட்டிக் கிடக்கின்றன. வீணைக்கும் கடத்துக்கும் முகர்சிங்குக்கும் அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

அன்புடன்,
ஒலிப்பதிவு மேசைக்குப் பின்னாலிருந்து உங்கள் ரசிகன்